மிளகு மாதங்கள்

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்ததைத் தேங்காயெண்ணெய்தான் முதலில் சொல்லும். ஐப்பசி அடைமழையும் கார்த்திகைத் தூறலும் ஓய்ந்தபின் ஒரு விடியற்காலையில் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு விழாது. வெள்ளையாய் உறைந்து கிடக்கும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும் பொருள். சூடு அதற்கும் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்துச் சொல்வது தோசை மாவு. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டிவைத்த மாவு, விடிந்த பிறகும் பொங்காமல் சட்டியின் அடியிலேயே கிடக்கும். அதனால் மார்கழி பிறந்துவிட்டால் ஆச்சி மாவுச் சட்டியைப் பழைய கம்பளியால் சுற்றி, அணைந்த அடுப்பின் ஓரத்தில் சாம்பல் சூட்டில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். வீட்டில் இருந்த இரண்டு கம்பளிகளில் ஒன்று தை பிறக்கும்வரை மாவுக்குத்தான்.

ஊர் என்றால் தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். மேற்கே பொதிகை மலை. அந்த மாதங்களில் பிசான நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும். மலையிலிருந்து இறங்கும் கூதல் அந்தத் தண்ணீரின் மேல் தவழ்ந்து தெருவுக்குள் வரும். விடிகாலையில் ஆற்றிலிருந்து ஆவி எழும்பும். தண்ணீருக்குள் இறங்கினால் வெதுவெதுவென்றிருக்கும். கரையேறினால் பல் கிட்டிக்கும்.

பனி கொட்டும் நாட்டில் இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே ஒப்ப மாட்டார்கள். ஆனால் நம் வீடுகள் வெயிலுக்குக் கட்டியவை. முற்றம் திறந்து கிடக்கும், ஓட்டு இடுக்கில் காற்று நுழையும், சிமெண்ட் தரை பாதத்தைக் கடிக்கும். வருஷ மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டுக்குக் கொடுக்கிறது. ஆகவே நம் குளிர் எப்போதும் ஈரத்தோடுதான் வரும். துவைத்த துணி காயாது, விறகு புகையும், உப்பு ஜாடியில் நீர் விடும். அந்த ஈரக் குளிரை விரட்ட வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் அடுப்பு.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுக்கக் கூதிர்காலம்தான். மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பைச் சுற்றிக் கூடி, கையை அனலில் காட்டியபடி கன்னம் நடுங்க நிற்கிறார்கள். ஊருக்குள்ளே குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல் தீச்சட்டிக்குப் பக்கத்தில் ஒண்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்த சனம் நாம். மழைக்குளிர் வேறு, பனிக்குளிர் வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் அடுப்பையும் அப்படியே பிரித்துத்தான் எரித்திருக்கிறார்கள்.

மிளகாய் ஓய்வெடுக்கும் காலம்

ஆச்சியின் சமையலைப் பல வருஷம் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் அவள் அஞ்சறைப்பெட்டியில் மிளகாய் வற்றல் குறையவே குறையாது. மிளகுதான் தீர்ந்துகொண்டே இருக்கும். வெண்பொங்கலில் மிளகு. ரசத்தில் மிளகு. காப்பியில் மிளகு. தீபாவளி லேகியத்திலும் மிளகு. சித்திரையில் மாங்காய்க்கும் வத்தக்குழம்புக்கும் ஓடியாடிய மிளகாய், கூதல் வந்ததும் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மிளகாய் நமக்கு விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்துசேர்ந்தது. அதற்குப் பெயர் வைக்கும்போதுகூட, மிளகைப்போல் உறைக்கிற காய் என்றுதான் வைத்தோம். மிளகுக்கோ நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான் பிறந்த வீடு. முசிறியில் யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. மிளகாய் வருவதற்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் நம் நாக்குக்குக் காரம் என்றாலே மிளகும் திப்பிலியும் சுக்கும்தான். இந்த மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்றார்கள். நல்லாதனார் தம் நீதிநூலுக்கே அந்தப் பெயரை வைத்தார்.

மற்ற எட்டு மாதமும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் வீட்டைத் திறந்துவிடும் தமிழ்ச் சமையல், குளிர் வந்ததும் தன் பழைய அடுப்புக்குத் திரும்பிவிடுகிறது என்பது என் எண்ணம். உடம்பு நடுங்கும்போது கை தானாகப் பழைய டப்பாவைத் தேடுகிறது. பல பழைய கோயில்களின் மடைப்பள்ளியில் இன்றும் மிளகாய் நுழைவதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி அவிக்கிறார்கள். உள்ளே இருப்பது மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். நம் மழைநாள் சமையலறையின் சாமான் பட்டியலும் இதுவேதான். மிளகுக்கொடியில் காய் பறிப்பதும் ஏறக்குறைய மார்கழியிலிருந்து மாசி, பங்குனி வரைக்கும்தான். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து ஏணி வைத்துப் பறித்து, பாயில் காயவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பச்சைமணி இரண்டு மூன்று நாள் வெயிலில் சுருங்கிக் கறுத்துவிடும். தெரு முழுக்க மூக்கைத் துளைக்கும் வாசனை.

நுரைதான் கணக்கு

மிளகு ரசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை எளிதான ஒன்றை இத்தனை பேர் கெடுத்துவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

ஆச்சியின் மிளகு ரசத்தில் தக்காளி கிடையாது, பருப்பும் கிடையாது. பெரிய நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அடுப்பில் ஏற்றுவாள். புளியின் பச்சை வாடை போகும்வரை கொதிக்க வேண்டும். நேரம் பிடிப்பது இது ஒன்றுதான். அதற்குள் ஒன்றரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், தோலோடு ஐந்தாறு பல் பூண்டு, ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலை எல்லாவற்றையும் அம்மியில் வைத்து நாலு தட்டு, இரண்டு இழுப்பு. நைய அரைத்தால் ரசம் கலங்கிக் கசந்துபோகும். தட்டியதை அதில் போட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு கட்டிப் பெருங்காயமும் சேர்த்தபின் அடுப்பைத் தணித்துவிட்டு அங்கேயே நிற்பாள். வேறு வேலை பார்க்கப் போகமாட்டாள். ஓரத்தில் நுரை கூடும், நடுவுக்கு நகரும், மொத்தமும் மஞ்சள் நுரையாய் மேலே எழும்பும். அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும்.

"நுரை கட்டினாப் போதும்ல. கொதிக்க விட்டியோ, கெட்டுது" என்பாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளில் இருக்கிறது. அது கொதித்தாலும் தங்கும். மணம் இருப்பது ஆவியாகிப் போகும் எண்ணெய்களில். கொதிக்கவிட்டால் காரம் மிஞ்சும், மணம் கூரையைத் தாண்டிப் போய்விடும். பைப்பரினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பில் சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தொட்டு எழுப்புகிறது. தொண்டைக்குள் ரசம் இறங்கியதும் உள்ளே யாரோ விளக்கேற்றியதுபோல் தோன்றுவது அதனால்தான். ரசம் குடித்தால் காய்ச்சல் பறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் மூக்கடைப்போடு, வாய் ருசியற்றுக் கிடக்கும் பிள்ளை, ஆவி முகத்தில் பட ஒரு டம்ளர் ரசத்தை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, 'பசிக்குது' என்று சொல்லும் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அம்மாக்கள் இதை வைக்கிறார்கள்.

கும்பகோணம் பக்கத்து வீடுகளில் ரசத்துக்கென்றே ஈயச்செம்பு வைத்திருப்பார்கள். அது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். வெறும் செம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடி ஒழுகிப்போகும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, செம்பும் பிழைத்திருக்கும். புது மருமகளுக்கு மாமியார் சொல்லித்தரும் முதல் பாடமே 'முதலில் தண்ணி, பிறகு தீ' என்பதுதானாம். தஞ்சாவூர்க்காரியான என் சித்தி சொன்னது.

இதே மிளகுத் தண்ணீரைத்தான் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் மதராஸில் குடித்துப் பழகி, 'முல்லிகடானி' என்று பெயரையும் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்துக்குப் போய் அதில் இறைச்சியும் மாவும் ஆப்பிளும் சேர்ந்து கெட்டியான சூப்பாகிவிட்டது. லண்டன் குளிரில் அதைக் குடித்தவர்களுக்கும் உள்ளே எரிந்தது நம் மலையில் விளைந்த அதே மிளகுதான்.

ஈரத்துக்கு ஒரு சமையல், பனிக்கு ஒரு சமையல்

ஐப்பசி அடைமழைக்கு முதல் காவல் தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், மல்லி, எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிண்டி, நல்லெண்ணெயும் நெய்யும் பிரிந்து வரும்போது இறக்குவார்கள். பலகாரத்துக்கு முன்னால் ஒரு கொட்டைப்பாக்கு அளவு உள்ளே போக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் திப்பிலியின் வேரைக் கண்டந்திப்பிலி என்று வாங்கிவைத்து, மழை விடாமல் பெய்யும் நாளில் ரசம் வைப்பார்கள். மிளகின் காரம் நாக்கில் சுள்ளென்று ஏறும். திப்பிலியின் காரம் கொஞ்சம் தாமதித்து வந்து நெஞ்சில் தங்கும்.

நடவு வயலில் தண்ணீர் நிற்கும் நாள்களில் வரப்பு வளையெல்லாம் நண்டு. எங்கள் ஊரில் நடவுக்கு வந்த பெண்கள் வேலை முடிந்து கரையேறும்போது மடியில் ஏழெட்டு நண்டு இருக்கும். ஓட்டைக் கழற்றி, காலோடு உரலில் இடித்து, சாற்றை வடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் நண்டு ரசம். நாள் பூராவும் சேற்றில் நின்று விறைத்த காலுக்கு, காசு கொடுத்து வாங்காத ஒரே வைத்தியம் அது. நெல்லுக்கு வரப்பைத் துளைக்கும் எதிரி, ராத்திரி சளிக்கு மருந்தாகிவிடும். மழைக்காலச் சமையலில் இத்தனை கெட்டிக்காரத்தனமான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பூச்சிமருந்து வந்த பிறகு வரப்பில் நண்டும் குறைந்துவிட்டது, அந்த ரசம் வைக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

கார்த்திகைத் திருநாளுக்குத் தென் மாவட்டங்களில் ஓலைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பயறு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். பிசைந்து, பச்சைப் பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் அடைத்து, ஓலை நாரால் கட்டி அவிப்பார்கள். பிரிக்கும்போது வரும் அந்தப் பச்சையோலை மணத்தை வேறு எந்த இலையாலும் கொடுக்க முடியாது. கொழுக்கட்டையின் இருபுறமும் ஓலை வரி வரியாகப் பதிந்திருக்கும். சிறு வயதில் நாங்கள் வரியை எண்ணிக்கொண்டே தின்போம்.

மார்கழி வந்தால் பொங்கல். ஐந்து மணிக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். குளித்து, திருநீறு பூசி, பஜனையோடு தெருச் சுற்றி வந்தால் கோயில் வாசலில் பூவரச இலையில் சுடச்சுட வெண்பொங்கல். இலை வழியாக உள்ளங்கை சுடும். கையை மாற்றி மாற்றிப் பிடித்தபடி தின்ற அந்தப் பொங்கல்தான் எனக்கு இன்றைக்கும் அளவுகோல். ஓட்டல் பொங்கலில் முழு மிளகு போடுகிறார்கள், பிள்ளைகள் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஆச்சி மிளகை ஒன்றிரண்டாய் உடைத்து, சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து, நெய்யில் பொரியவிட்டுப் போடுவாள். ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு, பருப்பை வாசம் வர வறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பங்கு தண்ணீர். குழைய வேண்டும், ஆனால் கரண்டியில் எடுத்தால் இளகி விழ வேண்டும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் மார்கழியில் ஒரு கை தண்ணீர் கூட.

அந்த மாதத்தின் 27ஆம் நாள் கூடாரவல்லி. பாவை நோன்பின் முடிவில், பாலில் குழைந்து நெய்யில் மிதக்கும் அக்காரவடிசல். அதே மார்கழியில்தான் திருவாதிரைக் களியும். சிவனடியாரான சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்தவர். ஒருநாள் மழையில் விறகு நனைந்து விலைபோகாமல், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டி, வந்த அடியவருக்குக் கொடுத்தார். வந்தவர் சிவன், மறுநாள் சிதம்பரத்துக் கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்பது கதை. மழை, ஈர விறகு, வெறும் மாவு. மார்கழிக் குளிரில் ஓர் ஏழை வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அந்தக் களிக்குத் தொட்டுக்கொள்ளத் தாளகம். அவரை, மொச்சை, பூசணி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்று பருவத்தில் விளைந்ததெல்லாம் ஒற்றைப்படைக் கணக்கில் ஒரே சட்டியில் வேகும். இனிப்புக் களியும் காரத் தாளகமும் ஒரே வாயில் சேரும்போதுதான் திருவாதிரை.

களி என்றதும் உளுந்தங்களி ஞாபகம் வருகிறது. கறுப்பு உளுந்தும் கொஞ்சம் அரிசியும் வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டிப் பாகில் தூவி, துடுப்பால் விடாமல் கிண்டுவார்கள். உருட்டி வைத்து, நடுவில் குழி பறித்து, நிறைய நல்லெண்ணெய். வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்கு வலு என்று கொடுப்பது. வெந்தயக்களி வெயிலுக்கு, உளுந்தங்களி குளிருக்கு என்று ஆச்சி கறாராக இருப்பாள்.

மேற்கேயும் வடக்கேயும் கடல் தாண்டியும்

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வாங்கும் கொங்கு நாட்டில் குளிருக்குக் கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. காளைக்கும் குதிரைக்கும் வேகவைத்த கொள்ளின் தண்ணீரை வடித்து வீட்டுக்கு ரசம் வைத்தார்கள்; வெந்த கொள்ளில் கொஞ்சம் எடுத்து, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வைத்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஒரே வேக்காட்டில் மாட்டுக்கும் மனுஷனுக்கும். கெட்டியான அந்தப் பழுப்பு ரசம் மிளகு ரசத்தைப்போல் சுள்ளென்று ஏறாது. மண்ணைப்போல் கனமாக உள்ளே இறங்கி, இரவு முழுக்கச் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

நம் மாநிலத்தில் நிஜமாகவே உறையும் இடங்களில் ஒன்று நீலகிரி. ஜனவரி விடியலில் உதகைத் தாவரவியல் பூங்காவின் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். உறைபனி பட்டால் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். அங்கே படுகர் வீடுகளில் கேழ்வரகு ஹிட்டும் அவரை உதகவும். அவரையோடு உருளைக்கிழங்கும் சேர்ந்து வெந்த குழம்புக்கு நடுவில் சூடான களி உருண்டை. உருளைக்கிழங்கு அந்த மலைக்கு ஏறியது 1820களில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் காலத்தில். அவரையும் கேழ்வரகும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருந்தவை.

யாழ்ப்பாணத்து மாரிகாலத்துக்கு ஒடியல் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அந்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, மீன், நண்டு, இறால், பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் போட்ட பெரிய சட்டியில் கரைத்து ஊற்றுவார்கள். இங்கே மட்டும் என் மிளகுக் கணக்கு உதைக்கிறது. கூழில் செத்தல் மிளகாய்தான் ராணி. ஆனால் ஒருவருக்காக யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. சொந்தமும் அயலும் கூடி, பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கி, உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளில் ஒடியல் மா கிடைக்கிறது. வெளியே வெண்பனி கொட்ட, கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே கூழ்ச்சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்து மாரியைவிட அங்கே அது இன்னும் கூடத் தேவைப்படுகிறது.

தை பிறந்தால் கிழங்குக் காலம். மணலில் புதைத்த பனங்கொட்டை கிழங்காகி, மஞ்சளும் உப்பும் போட்டு வெந்து, கட்டுக் கட்டாய்த் திண்ணைக்கு வந்துவிடும். சிறுகிழங்கை ஈரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, திண்ணைக் கல்லில் அடிப்போம். தோல் தன்னால் கழன்றுவிடும். பிள்ளைகளுக்கு உடம்பில் சூடு ஏற்ற அதைவிட நல்ல வேலை கிடையாது. பொங்கலன்று இருட்டோடு இருட்டாக வாசலில் அடுப்பாகப் பொங்கக்கட்டி வைத்துக் காய்ந்த பனையோலையால் தீ மூட்டினால், தெரு முழுக்க வீட்டுக்கு வீடு நெருப்பு. பனி விலகாத அந்த விடியலில் கையை நீட்டிக் குளிர் காய்ந்தபடி பால் பொங்குவதைப் பார்த்து நிற்போம்.

முதலில் எழுந்தவள்

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நான் ஆச்சிக்குத் துரோகம் செய்தவனாவேன்.

அந்த வீட்டில் மார்கழிக் குளிரில் முதலில் எழுந்தவள் அவள். நாலரை மணிக்குக் கிணற்று வாளி உருளும் சத்தம் கேட்கும். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும். பத்து வீட்டுக் கோலத்துக்கு வேண்டிய நேரம் குனிந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து, சுக்கு தட்டுவாள். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சீவாமல் அம்மியில் வைக்கமாட்டாள். "சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு, தெரிஞ்சுக்கோ" என்பாள். நாலு பங்கு மல்லி விதை, இரண்டு பங்கு சுக்கு, கால் பங்குக்கும் குறைவாக மிளகு, வாசனைக்கு இரண்டு ஏலக்காய். பரணில் ஓலைக் கொட்டானில் புகைபடர இருக்கும் கருப்பட்டியிலிருந்து ஒரு சில்லு. உடன்குடிக் கருப்பட்டி என்றால் தண்ணீர் கொதிக்கும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அந்த வாசனைதான் முதலில் வந்தது. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருள் மாறி, பச்சை இஞ்சியைவிடக் கடுமையான ஷோகாவோல் உண்டாகிறது என்று பின்னாளில் வேதியியலில் படித்தேன். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்ற பழமொழியை ஆச்சி அதற்கும் முன்னால் சொல்லித்தந்திருந்தாள்.

தாத்தாவுக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, எங்கள் ஐந்து பேருக்கு, பால்காரருக்கு ஒரு லோட்டா. "குடிச்சிரு ராசா, நெஞ்சுக்கு நல்லது" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தபின், அடியில் கப்பி தங்கிய மிச்சத்தில் வெந்நீர் ஊற்றி அவள் குடிப்பாள். அது ஆறியிருக்கும். எங்கள் எல்லாருக்கும் அது சுகமான காலை. அவளுக்குக் குளிர்ந்த தண்ணீரும் புகையும். நான் அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே குடித்தேன், அந்த வீட்டு ஆண்கள் ஒருவருக்கும் அம்மியைத் தொடத் தோன்றவில்லை.

இந்தச் சமையல் மறைந்துபோகிறது என்று வருத்தப்படுகிறவர்கள், அதிகாலையில் ஒரு பெண் எழுந்திருக்கவில்லையே என்றுதான் பெரும்பாலும் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. மிளகு ரசத்துக்கு வேண்டியது இருபது நிமிஷம். சுக்குப் பொடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இடித்து வைத்தால் ஒரு மாதம் வரும். அதற்குமேல் வைத்தால் மணம் போய்விடும். பொங்கலுக்குக் குக்கர் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் நுரைக்குக் காவல் நிற்க முடியும். எங்கள் வீட்டில் நிற்கிறான்.

போன மார்கழியில் அம்மா சென்னையில் எங்களோடு இருந்தாள். எழுபத்தாறு வயது, பனி ஒத்துக்கொள்ளாது, விடிகாலையில் இருமல். ஆனாலும் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து சமையலறைப் பக்கம் வந்துவிடுவாள், பழக்கம். நான் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். அவள் எழுந்து வரும்போது அடுப்பில் சுக்குத் தண்ணீர் பாதியாகச் சுண்டியிருந்தது. முதல் டம்ளரை அவள் கையில் கொடுத்து, நாற்காலியைக் காட்டினேன். உட்காரத் தயங்கினாள். பிறகு உட்கார்ந்து, டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே இருந்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"சுக்குத் தோலைச் சீவினியாய்யா?"

"சீவிட்டேம்மா."